சந்தியில் நின்ற மரம்: ‘ஒரு புளியமரத்தின் கதை’ காட்டும் சிறுநகர வரலாறு

தமிழ் நாவலின் வளர்ச்சியை நோக்குவோர் ஓர் உண்மையை எளிதிற் கண்டுகொள்வர். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றிலே கிராமம் தனக்குரிய இடத்தைப் பெற்றிருக்கிறது, பெருநகரமும் பெற்றிருக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே கிடக்கும் சிறுநகரம் பெரும்பாலும் கதை நிகழும் இடமாக மட்டுமே பயன்பட்டு வந்துள்ளது. அது தானே கதைப்பொருளாகும் பேற்றினைப் பெற்றது அரிது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942 இல் வெளிவந்தபோது கொங்குநாட்டுக் கிராமமொன்றின் நிலத்தகராறு நாவலின் உள்ளீடாயிற்று. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ கும்பகோணத்தின் தெருக்களையும் ஆற்றங்கரையையும் இசையையும் மறக்கவொண்ணாதபடி தீட்டியது உண்மையே. ஆயினும் அங்கே ஊர் ஒரு தனிமனிதனின் அகப்போராட்டத்திற்குச் சூழலாய் அமைகின்றது. ஊரின் மாற்றமே கதையாகும் நாவல் வேறு. அவ்வகையிலே தலையாயதாக எண்ணத்தக்கது சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’.

1966 இல் நூலுருப் பெற்ற இந்நாவல் ஆசிரியரின் முதல் நாவலாகும். நாகர்கோயிலில் 1931 இல் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வூரிலேயே கழித்து, 2005 இல் மறைந்த சுந்தர ராமசாமி, துணி வணிகராகவும் விளங்கியவர். எனவே கடைத்தெருவின் மனிதர்களை அன்றாடம் அருகிருந்து காணும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ ஆகிய மலையாள நாவல்களைத் தமிழாக்கியவரும் அவரே. ஐம்பதுகளிலே முற்போக்கு இலக்கிய அணியோடு நெருங்கிய தொடர்புடையவராய் எழுதத் தொடங்கிய அவரின் இந்நாவற் பகுதிகள் முதலில் வெளிவந்தது வ. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ சஞ்சிகையிலாகும். ஈழத்து எழுத்தாளரின் ஆக்கங்களுக்குக் களமளித்து, டொமினிக் ஜீவாவின் படத்தை அட்டையிற் பொறித்துச் சிறப்பித்த சஞ்சிகை அது. ஆகவே இந்நாவல் உருவான இலக்கியச் சூழல் இங்குள்ள வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

நாவலின் கட்டமைப்பு எளிமையானது. ஊரின் சந்தியிலே ஒரு புளியமரம் நிற்கிறது. அதன் பழங்கதைகளைத் தாமோதர ஆசான் என்னும் முதியவர் இளைஞர் கூட்டமொன்றிற்குச் சொல்கிறார். அக்கூட்டத்தில் ஒருவன் பின்னர் நமக்குக் கதைசொல்லியாகிறான். ஆசான் சொல்லும் மன்னர்காலக் கதைகளிலே தொடங்கி, உலகப்போர்க் காலத்து வணிகத்தையும் விடுதலையையும் அதன்பின் வந்த நகரசபை அரசியலையும் கடந்து, மரம் பட்டுப்போவதோடு கதை முடிகிறது. இக்கதையில் மரம் எதனையும் செய்வதில்லை. அது பேசுவதில்லை, பழிவாங்குவதில்லை, வரமளிப்பதுமில்லை. மனிதர் தத்தம் தேவைக்கேற்ப அதனைச் சுற்றி இயங்குகின்றனர். அவ்வியக்கத்தில் அது அழிகிறது. மரத்தைக் குறியீடு என்று கூறி அமைதியடையும் திறனாய்வு இங்கே போதாது. எதற்குக் குறியீடு என்பதற்கு முன்னர், எவ்வூரின், எக்காலத்தின் மரம் என்பது கேட்கப்படல் வேண்டும்.

நாவலின் களம் நாகர்கோயிலும் அதனைச் சூழ்ந்த நாஞ்சில் நாடும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு நெல்வயல்களுக்குப் பெயர்பெற்றது. 1906 இல் நிறைவெய்திய பேச்சிப்பாறை அணை அவ்வேளாண்மைக்கு மேலும் உறுதியளித்தது. அருகிலுள்ள கோட்டாறு நெடுங்காலமாகவே வணிகத்தலமாகும். 1893 இல் எழுந்த மணிமேடை இன்றும் நாகர்கோயிலின் நடுவே நிற்கிறது. மொழியாலே தமிழ்ப் பிரதேசமாயினும் ஆட்சியாலே இது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. மக்கள் கையிற் புழங்கிய காசு சக்கரமும் பணமும் ஆகும். 28 சக்கரம் கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கடிதங்கள் சென்றதோ அரசின் சொந்த ‘அஞ்சல்’ சேவையின் வழியே. 1947 யூன் மாதத்தில் திவான் சர். சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனிநாடாகும் என அறிவித்தார். சில வாரங்களுக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1949 இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்பு ஏற்பட்டது. 1956 நவம்பர் 1 ஆந் திகதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. பத்தாண்டுகளுக்குள் ஒரே ஊர், இருந்த இடத்திலிருந்து அசையாமலே, மூன்று ஆட்சி அமைப்புகளின் கீழ் வந்தது.

இத்தகைய ஊரிலே வரலாறு என்பது தலைநகரிலிருந்து வரும் அறிவிப்பாகவே மக்களுக்குத் தோன்றும். அவ்வறிவிப்பு சந்தியை அடையும்போது என்னவாகிறது என்பதே சுந்தர ராமசாமி கேட்கும் கேள்வி. இக்கேள்விக்கு அவர் தரும் விடையினை இரு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கி அறியலாம்.

முதலாவது, குளம் தூர்க்கப்படுவது. ஆசான் சொல்லும் பழங்கதையின்படி மரத்தைச் சூழ்ந்து ஒருகாலத்திற் குளமொன்று கிடந்தது. மன்னரின் வருகையோடு ஒட்டி, துர்நாற்றம் வீசிய அக்குளம் தூர்க்கப்படுகிறது; நீர் நின்ற இடத்திலே நிலம் தோன்றுகிறது. இரண்டாவது, விடுதலைக்குப் பின் நிகழ்வது. ஊரின் காற்றாடித் தோப்பு வெட்டப்பட்டு அவ்விடத்திலே பூங்கா அமைக்கப்படுகிறது. நல்ல காற்றைத் தந்துகொண்டிருந்த மரங்களை வெட்டிவிட்டு, மக்கள் காற்று வாங்குவதற்கென்று செடி வைக்கும் விந்தையை, விவரமறியாத ஒருவரின் கேள்விகள் மூலம் ஆசிரியர் வெளிக்கொணரும் பகுதி தமிழ் அங்கத எழுத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகும்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே ஓர் அரசியல் யுகமே கழிந்துள்ளது. முன்னையதில் ஆணையிடுபவர் மன்னர். பின்னையதில் ஆணையிடுவது மக்களின் பெயரால் இயங்கும் அமைப்பு. ஆயினும் செயலின் உருவம் மாறவில்லை. இரண்டிலும் ஊருக்கு நன்மை செய்யப்படுகிறது. இரண்டிலும் ஊர் கேட்கப்படவில்லை. மன்னராட்சி தீயது, மக்களாட்சி நல்லது என்ற வாய்பாட்டையோ, அக்காலமே பொற்காலம் என்ற புலம்பலையோ நாவல் துணைக்கொள்ளவில்லை. ஆட்சியின் உருவம் மாறிய வேகத்திற்கு ஆள்வோரின் மனப்பாங்கு மாறவில்லை என்பதையே அது இரு காட்சிகளை அடுத்தடுத்து நிறுத்திக் காட்டுகிறது. சிறுநகரத்தின் வரலாறு பேரரசியலின் சிறு பிரதியன்று, அதன் உரைகல் என்பது இவ்வாறு நிறுவப்படுகிறது.

அடுத்து நோக்கத்தக்கது வரலாற்றைச் சொல்வோர் யார் என்பது. தாமோதர ஆசான் ஊரின் நினைவு. தென்திருவிதாங்கூர் வழக்கிலே ஆசான் என்னுஞ் சொல் பள்ளியாசிரியரை மட்டுமன்றிச் சிலம்பம், வர்மம், வைத்தியம் முதலியவற்றிலே தேர்ந்தோரையும் குறிக்கும். அறிவு ஆளோடு சேர்ந்திருந்த காலத்தின் சொல் அது. ஆசான் மிகைப்படுத்துபவர், கதையைத் தொடங்குமுன் கேட்போரை ஏங்கவைப்பவர். அவர் சொல்வன யாவும் ஆவணத்தால் நிறுவத்தக்கன அல்ல. எனினும் அவர் கதைகளைக் கேட்டவர்களுக்கு மரம் வெறும் மரமாய் இருக்க முடியாது.

பிற்பகுதியிலே ஆசானின் இடத்தை நிரப்ப வருபவன் இசக்கி. ‘திருவிதாங்கூர் நேசன்’ பத்திரிகையின் நிருபன். ஆசான் நடந்ததைக் கதையாக்கினார். இசக்கி செய்தி எழுதுவதன் மூலம் நடக்கவேண்டியதை நடக்கச் செய்பவன். வாய்மொழி மிகைப்படுத்தியது, ஆனால் அதனைச் சொல்பவர் முகம் கேட்போர் முன்னே இருந்தது, நம்புவதும் நம்பாததும் கேட்போரின் உரிமையாயிருந்தது. அச்செழுத்தோ உண்மையின் உடையை அணிந்து வருகிறது. நவீன காலத்தின் வருகையைத் தொழிற்சாலையின் வாயிலாக அன்றி, பத்திரிகை நிருபன் ஒருவனின் வாயிலாக உணர்த்தியமை நாவலாசிரியரின் கூரிய நோக்கிற்குச் சான்றாகும். பெருந்தொழில்கள் தோன்றாத சிறுநகரங்களிலே நவீனம் முதலிற் கடையாகவும் பத்திரிகையாகவும் தேர்தலாகவுமே வந்திறங்கியது.

கடை, தேர்தல் ஆகியவற்றின் பிரதிநிதிகளாகத் தாமுவும் அப்துல் காதரும் விளங்குகின்றனர். இவர்களின் வணிகப் போட்டி நகரசபை அரசியலாக வளர்கிறது. கடலை விற்றுப் பிழைக்கும் கடலைத் தாத்தா போன்ற எளிய மனிதரும் இச்சுழலுக்குள் இழுக்கப்படுகின்றனர். இங்கே மரத்தின் நிலை அடையும் மாற்றம் உன்னிப்பாக நோக்கத்தக்கது. தென்னிந்திய ஊர்களிலே சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை உள்ளூராட்சி அமைப்புகள் ஏலம்விடுவது வழமை. நிழலுக்காகவும் உதிர்ந்த பழத்துக்காகவும் எவரும் அணுகக்கூடிய மரம், வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரியாகிறது. ‘எல்லோருக்கும் உரியது’ என்பதற்கும் ‘நகரசபைக்கு உரியது’ என்பதற்கும் உள்ள தூரம் சொல்லளவில் மிகச் சிறிது. நடைமுறையிலே மிகப் பெரிது. யாருடையதும் அல்லாதிருந்தவரை மரத்துக்குப் பகைவர் இல்லை. அமைப்பொன்றின் சொத்தானதும், அவ்வமைப்பைக் கைப்பற்ற விரும்புவோரின் பகடைக்காயாகவும் அது ஆகிவிடுகிறது. வணிகம், அரசியல், பத்திரிகை, மதவுணர்வு ஆகிய யாவும் அதனைத் தம் வழக்கிற்குச் சாட்சியாக்குகின்றன. அதனைக் காக்க முனைவோரும் மரத்துக்காக அதனைக் காக்க முனைவதில்லை. ஈற்றிலே மரம் கோடரியால் வெட்டப்பட்டு வீழவில்லை. நஞ்சூட்டப்பட்டு, நின்ற நிலையிலேயே பட்டுப்போகிறது. கோடரி பகிரங்கமானது, பொறுப்பேற்பது. நஞ்சு இரவுக்குரியது. மறைமுகப் போட்டியிலே பழகிய கடைத்தெரு அரசியலுக்கு அதுவே பொருத்தமான ஆயுதம்.

இவ்வளவும் நாவலின் வெற்றிகள். ஆயினும் திறனாய்வு இத்துடன் நின்றுவிடுதல் ஆகாது. இந்நாவல் எல்லோரையும் சமமாக எள்ளுகிறது, மாற்றத்துக்கான வழியைச் சுட்டவில்லை என்னும் குறைபாடு முற்போக்கு விமரிசன நோக்கிலே எழுவது இயல்பு. இக்குற்றச்சாட்டு அவ்வடிவிலே வலுவற்றது. வழிகாட்டுதல் படைப்பாளியின் கட்டாயக் கடமையன்று; நோயைச் சரிவரக் காட்டுதலே ஒரு பணிதான். எனினும் அக்குற்றச்சாட்டின் அடியிலே வேறொரு நியாயமான வினா இருக்கிறது. அந்தச் சந்திக்கு யார் யார் நடந்துவர முடிந்தது?

தென்திருவிதாங்கூரைப் பொறுத்தவரை இது கற்பனையான வினாவன்று. அங்கே உடலையும் தெருவையும் பொறுத்த உரிமைகள் போராடிப் பெறப்பட்டவை. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் நிகழ்ந்த தோள்சீலைக் கலகங்கள் 1859 இன் அரச அறிவிப்புவரை நீண்டன. நாகர்கோயிலுக்கு அண்மையிலுள்ள சுசீந்திரத்தில் 1926 இல் நடந்த சத்தியாக்கிரகம், கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலே யாவரும் நடப்பதற்காக நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12 ஆந் திகதிய ஆலயப்பிரவேசப் பிரகடனத்தின் பின்னரே கோயிற்கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன. வேளாளர் சமூகத்துள்ளும் மருமக்கள்வழிச் சொத்துரிமை பெண்களையும் பிள்ளைகளையும் அலைக்கழித்ததை, அம்மண்ணிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நூலில் எள்ளி நகையாடினார். தமிழகத்துடன் இணையும் கிளர்ச்சியின்போது 1954 ஆகஸ்ட் 11 இல் மார்த்தாண்டம், புதுக்கடை முதலிய இடங்களிலே துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. இவை யாவும் அந்நிலத்தின் அண்மைக்கால வரலாறு.

இவ்வரலாறு நாவலின் மையத்திற்கு வரவில்லை. எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரு நாவல் உள்ளடக்க வேண்டுமெனக் கோருவது நேர்மையற்ற விமரிசனம். ஆனால் இவ்விடுபடல் நாவலின் அடிப்படைக் கருத்தையே தொடுகிறது. சந்தி என்பது முன்பு எல்லோருக்கும் பொதுவாயிருந்தது, பின்னர் வணிகமும் தேர்தலும் வந்து அப்பொதுமையைச் சிதைத்தன என்று வாசகன் எண்ணுமாறு கதை இயங்குகிறது. உண்மையிலே பலருக்குச் சந்தி பொதுவானதே அண்மைக்காலத்திலேதான். எந்த நவீனம் மரத்துக்கு நஞ்சூட்டியதோ, அதே நவீனத்தின் வேறு கரங்களான கல்வியும் சட்டமும் கிளர்ச்சியுமே அம்மரத்தின் நிழலுக்கு அதுவரை வரமுடியாதோரை வரவழைத்தன. 1809 இல் மைலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பாடசாலை, பின்னர் நாகர்கோயிலுக்கு வந்து காலப்போக்கில் ஸ்கொட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்வியாற் பயன்பெற்ற தலைமுறைகளின் கண்கொண்டு நோக்கின், இக்கதை வேறொரு சாயல் பெற்றிருக்கக்கூடும். நவீனத்தின் இழப்புக் கணக்கை நுட்பமாக எழுதிய நாவல், அதன் வரவுக் கணக்கை நிழலிலே விட்டுவிட்டது எனல் மிகையாகாது.

எனினும் ஆசிரியருக்குச் சார்பாகவும் ஒன்று கூறுதல் வேண்டும். அவர் சந்தியிலே நிறுத்தும் மனிதர் ஒரே சாதியினரோ ஒரே மதத்தினரோ அல்லர். காதரும் தாமுவும் இசக்கியும் கடலைத் தாத்தாவும் ஒரே மண்ணில், ஒரே பேராசைக்கும் ஒரே பரிதாபத்திற்கும் உரியோராய்த் தோன்றுகின்றனர். சாதிமதப் பெருமைக்கு இங்கே இடமில்லை. கடைத்தெரு என்னும் களம் மனிதரை விலைபேசுகிறது. அதேவேளை பிறப்பை அதிகம் விசாரிப்பதில்லை. இந்த இரட்டைத் தன்மையை நாவல் உணர்ந்தேயிருக்கிறது. அதனை வெளிப்படையாக விவாதியாமல் பாத்திரங்களின் நடமாட்டத்திலே விட்டிருக்கிறது.

மொழியைப் பற்றியும் சிறிது கூறுதல் பொருந்தும். கதைசொல்லியின் நடை செம்மையானது, சற்று விலகிநிற்பது. பாத்திரங்களின் பேச்சோ நாஞ்சில் நாட்டு வழக்கு. மலையாளத்தின் அயலிலே வளர்ந்து, தனக்கெனத் தனியோசை பெற்ற தமிழ். இவ்விரு நடைகளுக்குமிடையே உள்ள இடைவெளியிலேதான் நாவலின் அங்கதம் பிறக்கிறது. பெரிய சொற்களிலே விவரிக்கப்படும் சிறிய நிகழ்ச்சி நகைப்பூட்டுகிறது. சிறிய சொற்களிலே பேசப்படும் பெரிய துயரம் நெஞ்சைத் தொடுகிறது. பிரதேச வழக்கு அலங்காரத்துக்காகக் கையாளப்படும் நாவல்கள் பலவுண்டு. இங்கே அது மனிதர் தம் ஊரைத் தம்முடையதென்று உரிமைகோரும் வழியாக அமைகிறது. ஆசானின் பேச்சுத் தமிழ் இல்லாவிடின் குளமும் இல்லை, மன்னரும் இல்லை.

மரம் பட்டபின்னும் அவ்விடத்தின் பெயரிலே அது வாழ்கிறது என்று நாவல் காட்டுவது பொருள் பொதிந்தது. நாகர்கோயிலிலே இன்றும் வேப்பமூடு என்றொரு சந்தி உண்டு. மூடு என்றால் அவ்வட்டார வழக்கில் மரத்தின் அடி. மரமின்றியும் மரத்தின் பெயரை ஓர் இடம் சுமந்துகொண்டிருத்தல் அவ்வூர்களுக்கு இயல்பே. பெயர் நிலைப்பதை ஆறுதலாகக் கொள்வாரும் உளர். ஆனால் பெயர் நிழல் தராது. காரணம் தெரிந்தோர் உள்ளவரையே பெயர் நினைவாகும். அதன்பின் அது பேருந்து நிற்கும் இடத்தின் அடையாளம் மட்டுமே. ஆசானைப் போன்றோர் மறைந்து, அவர்களிடம் கேட்டோரும் எழுதாதுவிடின் அந்த இரண்டாவது மரணமும் நிகழ்ந்துவிடும். நாகர்கோயில் 2019 இல் மாநகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்டது. சிறுநகரம் என்ற சொல்லே இனி அதற்குப் பொருந்தாது. அது சிறுநகராயிருந்த நாட்களின் குணத்தை அறிய விரும்புவோர்க்கு அரசாணைகளும் நகரசபைப் பதிவேடுகளும் உதவுவதைக் காட்டிலும் இந்நாவல் மிகுதியாக உதவும்.

‘ஒரு புளியமரத்தின் கதை’ ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, தமிழ் நாவலின் சாதனைகளுள் ஒன்றாகப் பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. புகழ்பெற்ற நூல்களுக்கு நேரும் ஆபத்து அவை வாசிக்கப்படாமல் மதிக்கப்படுவதாகும். அந்நூலை இன்று வாசிப்போர் அதனிடமிருந்து இரண்டைப் பெறலாம். பொதுச்சொத்து என்று நாம் வழங்கும் ஒவ்வொன்றும் யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் ஒன்று. அது உண்மையிலே என்றேனும் எல்லோருக்கும் பொதுவாயிருந்ததா என்று நாவலுக்கும் அப்பாற் சென்று கேட்கும் துணிவு மற்றொன்று. முதலாவதை நூலே கற்பிக்கிறது. இரண்டாவதை, அந்நூலை மெய்யாக மதிக்கும் வாசகன் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். தத்தம் ஊர்ச் சந்திகளின் வரலாற்றை எழுதப் புகும் இளந்தலைமுறையினர்க்கு இவ்விரு வினாக்களும் வேண்டற்பாலன. நிழலைப் பாடுவது எளிது. நிழலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் சேர்த்து எழுதும்போதே ஓர் ஊரின் கதை அவ்வூரின் வரலாறாகும்.